லட்லோவுக்குச் சந்தை நாளில் போங்கள்: இங்கிலாந்தின் ஒரு சந்தை ஊரை நடந்து பார்க்க வழிகாட்டி

நான் லட்லோவுக்கு முதல்முறை போனது ஒரு செவ்வாய்க்கிழமை. கோட்டையைப் பார்த்தேன், தேவாலயத்தைப் பார்த்தேன், மரச்சட்டம் போட்ட பழைய வீடுகளைப் படம் பிடித்தேன். ஆனால் கோட்டை வாசலுக்கு எதிரே இருந்த சதுக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது, இவ்வளவு பெரிய தேவாலயம் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை போனேன். அதே சதுக்கம் முழுக்கக் கடைகள். ரொட்டி, சீஸ், முட்டை, பூச்செடி, பழைய புத்தகம். கூடையோடு வந்த பாட்டிமார் கடைக்காரரிடம் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள். முதல் பயணத்தில் புரியாததெல்லாம் அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் புரிந்துவிட்டது.

அதனால் இங்கிலாந்தில் புதிதாகக் குடியேறியவர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்க வந்து மூன்று நான்கு மாதம் தங்கும் பெற்றோருக்கும், லண்டனைத் தாண்டி எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். ஒரு சந்தை ஊருக்குப் போங்கள், அதையும் சந்தை நாளில் போங்கள். எந்த ஊர் என்று கேட்டால் என் பதில் லட்லோ.

கிளம்பும் முன் கொஞ்சம் வரலாறு

இங்கிலாந்தில் சந்தை ஊர் என்பது வெறும் அடைமொழி கிடையாது. இடைக்காலத்தில் நினைத்த இடத்தில் சந்தை போட முடியாது. அரசனிடமிருந்து வரும் உரிமை அது. உள்ளூர்ப் பிரபு அந்த உரிமையைப் பெற்றுச் சந்தை நடத்துவார், கடைக்கு வரி வாங்குவார். பக்கத்துச் சந்தையைப் புதுச் சந்தை கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டுக்கும் நடுவே 6⅔ மைலாவது இருக்க வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர்கள் வகுத்தார்கள். கணக்கு எளிது. ஒரு மனிதன் ஒரு நாளில் 20 மைல் நடப்பான். நாளை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு சந்தைக்கு வர, ஒரு பங்கு வாங்கி விற்க, ஒரு பங்கு இருட்டுவதற்குள் வீடு திரும்ப. இங்கிலாந்து வரைபடத்தில் சிறு ஊர்கள் ஏன் இப்படி இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கின்றன என்று யோசித்திருந்தால், காரணத்தில் பாதி இதுதான்.

லட்லோ ஷ்ரோப்ஷயரின் தென்கோடியில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. மேற்கிலும் தெற்கிலும் டீம் ஆறு வளைந்து ஓடுகிறது, வடக்கே கோர்வ் என்ற சிற்றாறு. பழைய ஆங்கிலத்தில் இரைச்சலான நீருக்கு அருகில் உள்ள மேடு என்பதுதான் ஊர்ப் பெயரின் பொருள். டீம் ஆற்றின் தடுப்பணைகளுக்குப் பக்கத்தில் நின்றால் அந்த இரைச்சல் இன்றும் காதில் விழும். 1086இல் வில்லியம் மன்னர் எடுத்த நிலக்கணக்கில் லட்லோவுக்குத் தனியாகப் பெயர் இல்லை. நார்மன் பிரபுக்களான டி லேசி குடும்பத்தார் வேல்ஸ் எல்லையைக் காக்க இங்கே கோட்டை எழுப்பினார்கள். கோட்டை வாசலிலிருந்து கிழக்கே அகலமான ஒரு சந்தைத் தெரு, அதிலிருந்து ஆற்றை நோக்கி இறங்கும் நேரான தெருக்கள், ஒவ்வொரு தெருவிலும் முகப்பு ஒடுங்கிப் பின்பக்கம் நீண்டு போகும் மனைகள் என்று திட்டம் போட்டு வளர்ந்த ஊர் இது. கோட்டைக்கு ஆளும் தானியமும் வேண்டும், சந்தைக்குப் பாதுகாப்பு வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன. அப்புறம் கம்பளி வணிகம் வந்தது, பணம் குவிந்தது. இன்று ஊரில் பத்தாயிரம் சொச்சம் பேர்தான். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்கள் மட்டும் ஐந்நூறை நெருங்கும்.

இவ்வளவு தெரிந்தால் போதும். மிச்சத்தை ஊரே சொல்லும்.

முதலில் நாளை முடிவு செய்யுங்கள்

திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நான்கு நாளும் கோட்டைச் சதுக்கத்தில் திறந்தவெளிச் சந்தை நடக்கும். சில வியாழக்கிழமைகளில் உள்ளூர் விளைபொருளுக்கென்று தனிச் சந்தை உண்டு, சில ஞாயிறுகளில் பழம்பொருள் சந்தை. கூட்டம் பிடிக்கும் என்றால் சனி. பெரியவர்களோடு நிதானமாக நடக்க வேண்டும் என்றால் வெள்ளி, அல்லது திங்கள். செவ்வாயைத் தவிருங்கள்.

செப்டம்பரில் கோட்டைக்குள் உணவுத் திருவிழா நடக்கும். 1995இல் தொடங்கியது. சாப்பாட்டுப் பிரியர்கள் அதற்கென்றே வருவார்கள், ஆனால் அந்த வார இறுதியில் தங்க அறை கிடைப்பது கஷ்டம். நவம்பர் கடைசியில் இடைக்கால பாணியில் கிறிஸ்துமஸ் சந்தையும் கோட்டைக்குள்ளேயே போடுகிறார்கள். முதல்முறை போகிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, மே மாதத்திலோ ஜூனிலோ ஒரு சாதாரணச் சந்தை நாளில் போவதே நல்லது. திருவிழாக் கூட்டத்தில் ஊர் கண்ணில் படாது.

அடுத்து பயணம்

லட்லோவுக்கு 1852 முதல் ரயில் ஓடுகிறது. மான்செஸ்டர், க்ரூ, ஷ்ரூஸ்பரி, லட்லோ, ஹெரிஃபோர்ட், நியூபோர்ட், கார்டிஃப் என்று போகும் பாதை. ஷ்ரூஸ்பரியிலிருந்தும் ஹெரிஃபோர்டிலிருந்தும் கிட்டத்தட்ட அரை மணி நேரம். பர்மிங்காமில் இருப்பவர்கள் அந்த இரண்டில் ஓர் ஊரில் மாற வேண்டும். லண்டனிலிருந்து க்ரூ வழியாகவோ நியூபோர்ட் வழியாகவோ வரலாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் ஓர் இரவு தங்குவது உத்தமம். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கினால் விலை நன்றாகவே குறையும். கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு இருவர் சேர்ந்து பயன்படுத்தும் ரயில் கார்டு மூன்றில் ஒரு பங்கை மிச்சப்படுத்தும். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு. திரும்பும் ரயிலின் நேரத்தைப் போகும்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காரில் வந்தால் ஊருக்குள் கொண்டுவர வேண்டாம். சாலைகள் குதிரை வண்டிக்காகப் போட்டவை. ஏ49 சாலையை ஒட்டி, காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஊருக்குள் போகும் வசதி இருக்கிறது.

நல்ல பிடிப்புள்ள செருப்போ ஷூவோ அவசியம். ஊர் மேட்டில் இருக்கிறது, சில சந்துகளில் உருண்டைக் கல் பாவியிருக்கும், மழை பெய்தால் வழுக்கும். மழைக்கோட்டு எந்த மாதத்திலும் பையில் இருக்கட்டும்.

ஸ்டேஷனிலிருந்து நேரே கோட்டைக்குப் போகாதீர்கள்

எல்லோரும் செய்வது அதைத்தான், நானும் முதலில் அதைத்தான் செய்தேன். ஊரைச் சந்தைத் தெருவின் கிழக்கு முனையிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே அலைபோல வளைந்த கூரையோடு ஒரு சூப்பர்மார்க்கெட் இருக்கும். சுற்றியுள்ள குன்றுகளின் வரிசையோடு இசைந்து போகும்படி அந்தக் கூரையை வடிவமைத்தார்கள். ஒரு சூப்பர்மார்க்கெட் கட்டும்போதுகூட ஊரின் முகம் கெடக் கூடாது என்று போராடிய மக்கள் இவர்கள் என்பதை அங்கேயே தெரிந்துகொள்ளலாம். அங்கிருந்து மேடேறிப் பத்து நிமிடம் நடந்தால் புல் ரிங் என்ற இடம் வரும். கால்நடைச் சந்தை நடந்த பகுதி அது. அங்கே ஃபெதர்ஸ் என்ற கட்டடத்தின் முன் தெருவுக்கு எதிர்ப்பக்கமாக நின்று நிமிர்ந்து பாருங்கள். 1619இல் ரீஸ் ஜோன்ஸ் என்ற வழக்கறிஞர் கட்டிய வீடு. கறுத்த மரச்சட்டங்களுக்கு நடுவே வெள்ளைப் பூச்சு, மரத்தில் ஓர் அங்குலம்கூட விடாமல் செதுக்கல். வேல்ஸ் இளவரசரின் சின்னமான தீக்கோழி இறகுகள்தான் பெயருக்குக் காரணம். பிற்பாடு விடுதியானது. அந்த முகப்பைப் பார்ப்பதற்கே பத்து நிமிடம் வேண்டும்.

அங்கிருந்து கிங் தெரு வழியாக மேற்கே போனால் பட்டர்கிராஸ் வரும். 1740களில் கட்டிய கல் மண்டபம், தலையில் ஒரு மணிக்கூண்டு. கீழே தூண்களுக்கு நடுவே நிழலில் பண்ணைப் பெண்கள் வெண்ணெய் விற்பார்கள், மாடியில் பொது வேலைகள் நடக்கும். இன்று மாடியில் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. அக்கம்பக்கத்துச் சந்துகளின் பெயர்ப் பலகைகளையும் படித்துக்கொண்டே போங்கள். ஒன்று மீன் தெரு, இன்னொன்று மிளகுச் சந்து.

பட்டர்கிராஸுக்கும் கோட்டைச் சதுக்கத்துக்கும் நடுவே உள்ள பகுதிதான் எனக்கு இந்த ஊரிலேயே மிகப் பிடித்தது. பயணிகள் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். இங்கே தெருக்கள் திடீரென்று ஒடுங்கி, ஆள் உரச வேண்டிய சந்துகளாகப் பிரிந்து ஓடும். திட்டம் போட்டுக் கட்டிய ஊரில் இந்த நெரிசல் எப்படி வந்தது? முதலில் சொன்ன அந்த அகலமான சந்தைத் தெரு கோட்டையிலிருந்து புல் ரிங் வரைக்கும் நீண்டிருந்தது. அதன் நடுவே வரிசை வரிசையாகக் கடை போட்டார்கள். காலையில் விரித்து மாலையில் கட்டிக்கொண்டு போகும் கடைகள். நாளாக ஆக, தினமும் கட்டிப் பிரிப்பது எதற்கு என்று கூரை போட்டார்கள், அப்புறம் சுவர் வைத்தார்கள், அப்புறம் மாடியும் கட்டிக் குடியேறினார்கள். அந்தக் கடை வரிசைகள்தான் இன்றைய கட்டட வரிசைகள். கடைகளுக்கு நடுவே ஆட்கள் நடந்த இடைவெளிகள்தான் இன்றைய சந்துகள். ஆக, நீங்கள் நடப்பது எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சந்தையின் நடுவே. சந்தை நாளில் போனால் சதுக்கத்துத் துணிக்கூரைக் கடைகளையும் இந்தச் சந்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம், எது எதுவாக மாறியது என்பது சொல்லாமலே விளங்கும்.

தேவாலயத்தில் நாற்காலிக்கு அடியில் பாருங்கள்

பட்டர்கிராஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் நுழைந்தால் புனித லாரன்ஸ் தேவாலயம். இவ்வளவு நெருக்கமான இடத்தில் இவ்வளவு பெரிய கட்டடமா என்று திகைக்க வைக்கும். ஷ்ரோப்ஷயரிலேயே மிகப் பெரிய பங்குக் கோயில். கோபுரம் 135 அடி. கம்பளி வணிகர்களும் பால்மர்ஸ் கில்ட் என்ற அமைப்பும் கொடுத்த பணத்தில் எழுந்தது. புனித யாத்திரை போய் ஓலை ஏந்தித் திரும்பியவர்களின் பெயரைத் தாங்கிய சங்கம் அது. 13ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. சந்தா கட்டினால் உங்கள் ஆன்மாவுக்காக நிரந்தரமாகப் பிரார்த்தனை செய்யக் குருமார் வைப்பார்கள். லட்லோவுக்கு வெளியே தொலைதூர ஊர்களிலும் உறுப்பினர்கள் இருந்தார்கள். புனித ஜான் சிற்றாலயத்தில் இவர்கள் கதையைச் சொல்லும் வண்ணக் கண்ணாடிச் சன்னல் இருக்கிறது.

பீடத்துக்கு முன்னால் பாடகர் வரிசையில் மர நாற்காலிகள் இருக்கும். உட்காரும் பலகையை மேலே தூக்கிவிட்டால் அடியில் சின்னதாக ஒரு தாங்கி தெரியும். நீண்ட நேரம் நின்று பிரார்த்தனை செய்ய வேண்டிய வயதான குருமார், நிற்பதுபோல இருந்துகொண்டே கொஞ்சம் சாய்ந்துகொள்ள வைத்தது. அந்தத் தாங்கிகளின் அடியில்தான் 15ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் தங்கள் கையைக் காட்டியிருக்கிறார்கள். மொத்தம் 28. அதில் ஒன்றை மட்டும் தேடிப் பார்த்துவிடுங்கள். ஒரு பேய் ஒரு பெண்ணைத் தோளில் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு நரகத்தின் வாயை நோக்கி நடக்கிறது. அவள் கையில் பீர்க் குவளை. இன்னொரு பேய் அவள் செய்த பாவங்களைச் சுருளிலிருந்து வாசிக்கிறது, வேறொன்று பைக்குழல் ஊதுகிறது. அவள் செய்த குற்றம், பீரை அளவு குறைத்து விற்றது. ஒரு சந்தை ஊர் எதைப் பெரிய பாவமாக நினைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அம்மாவை அழைத்துப் போனபோது இதைப் பார்த்துவிட்டு, "அளவு குறைச்சா இங்கயும் நரகம்தானா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாற்காலியாகத் தூக்கிப் பார்க்காமல் அவர் நகரவில்லை.

கோபுரம் ஏற 200 படிகள். குறுகலான சுழற்படி, இருட்டு. முழங்கால் வலி உள்ளவர்களும் கைக்குழந்தையோடு வருகிறவர்களும் கீழேயே இருந்துவிடுவது நல்லது. ஏறினால் ஊரின் திட்டம் முழுவதும் காலடியில் விரியும். வெளியே வடக்குச் சுவரை ஒட்டிக் கவிஞர் ஹவுஸ்மனின் அஸ்தி புதைத்த இடம் இருக்கிறது.

சந்தையில் எப்படி வாங்குவது

இப்போது சதுக்கத்துக்கு வாருங்கள். இந்த இடம் இவ்வளவு திறந்து கிடப்பதே அண்மைக் காலத்தில்தான். விக்டோரியா காலத்துச் செங்கல் மண்டபம் ஒன்று நடுவில் நின்றது, 1986இல் இடித்தார்கள். அதன் பிறகுதான் கோட்டையும் சந்தையும் மறுபடி நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன.

பத்து மணிக்கு மேல் பன்னிரண்டுக்குள் வாங்குங்கள். மூன்று மணிக்கு மேல் கடை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். காய்கறி பழத்தை நாமே கையில் எடுத்துப் பொறுக்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சில கடைகளில் விரும்ப மாட்டார்கள். உணவுக் கடையில் பேரம் பேசும் வழக்கம் இல்லை. பழம்பொருள் கடையில் மட்டும் மரியாதையாக ஒரு விலை கேட்டுப் பார்க்கலாம். வரிசை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஒரு வரிசை இருக்கும், யார் முதலில் வந்தார் என்று கடைக்காரருக்குத் தெரியும். ருசி பார்க்க ஒரு துண்டு கொடுப்பார்கள், கூச்சப்படாமல் வாங்குங்கள். பெரும்பாலான கடைகளில் கார்டு செல்லும் என்றாலும் சில்லறையாக இருபது பவுண்டு கையில் இருக்கட்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. காரப் பேஸ்ட்ரி வகைகளில், குறிப்பாகப் பழைய முறையில் செய்யும் பைகளில், உள்ளே காய்கறி இருந்தாலும் மேல்மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கலாம். சீஸில் பாலைத் திரிக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பதும் உண்டு, சைவ ரென்னெட் சேர்ப்பதும் உண்டு. இரண்டையும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஷ்ரோப்ஷயரின் ஃபிட்ஜெட் பை கிடைத்தால் விடாதீர்கள். பன்றி இறைச்சி, ஆப்பிள், வெங்காயம் வைத்துச் செய்வது, ஆப்பிளின் புளிப்பு நாக்கில் நிற்கும். ஆரஞ்சு நிறத்தில் நீல நரம்போடிய ஷ்ரோப்ஷயர் ப்ளூ சீஸையும் வாங்கலாம். ஆனால் பெயரை நம்பி இது இந்த ஊர் மண்ணின் பழம்பண்டம் என்று நினைக்க வேண்டாம். 1970களில் ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸில் உருவானது அது. ருசிக்காக வாங்குங்கள்.

இருபது முப்பது வருடத்துக்கு முன் உணவுக்காக நாடு முழுக்கப் பேசப்பட்ட ஊர் இது. இத்தனை சின்ன ஊரில் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட உணவகங்கள், சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷ்லின் நட்சத்திரம் வாங்கியிருந்தன. அந்தச் சமையல்காரர்கள் வேறு ஊர்களுக்குப் போய்விட்டாலும், தரமான பொருளை எதிர்பார்க்கும் பழக்கம் ஊர்க்காரர்களிடம் தங்கிவிட்டது. மதியத்துக்கு உணவகம் தேடி அலைய வேண்டியதில்லை. சந்தையில் ரொட்டி, சீஸ், பழம் வாங்கிக்கொண்டு கோட்டைக்குள் புல்வெளியில் உட்காருங்கள்.

கோட்டைக்கு இரண்டு மணி நேரம்

கட்டணம் உண்டு. வெளிமுற்றம் பரந்த புல்வெளி, குழந்தைகள் ஓடி விளையாடலாம். பாலம் கடந்து உள்முற்றத்துக்குள் போனதும் முதலில் கண்ணில் படுவது வட்ட வடிவச் சிற்றாலயம். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, மகதலேனா மரியாளின் பெயரில். இங்கிலாந்தில் வட்டமான தேவாலயங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வாசல் வளைவின் செதுக்கலைத் தொட்டுவிடும் தூரத்தில் நின்று பார்க்கலாம்.

இந்தச் சுவர்களுக்குள் நடந்ததையெல்லாம் சொல்ல இடம் போதாது. 1139இல் ஸ்டீவன் மன்னர் இதை முற்றுகையிட்டபோது கோட்டையிலிருந்து வீசிய இரும்புக் கொக்கியில் ஸ்காட்லாந்து இளவரசர் ஹென்றி சிக்கினார், மன்னரே ஓடிப்போய் மீட்டார். 1459இல் ஊர் வாசலில் லட்ஃபோர்ட் பாலத்தருகே மன்னருக்கு எதிராகக் கிளம்பிய யார்க் பிரபுவின் படை கலைந்து ஓடியது, வென்றவர்கள் ஊரைச் சூறையாடினார்கள். 1483 ஏப்ரலில் தந்தை இறந்த செய்தி வந்தபோது ஐந்தாம் எட்வர்ட் இங்கேதான் வளர்ந்துகொண்டிருந்தான். வயது 12. முடிசூட லண்டனுக்குக் கிளம்பிய அந்தப் பையனும் அவன் தம்பியும் லண்டன் கோபுரத்துக்குள் மறைந்துபோனார்கள்.

இதையெல்லாம் மறந்தாலும் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வடக்குப் பக்கக் கட்டடங்களுக்குள் நடங்கள். 1501 நவம்பரில் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் ஆர்தருக்கும் ஸ்பெயின் இளவரசி கேத்தரினுக்கும் லண்டனில் கல்யாணம் நடந்தது. இருவருக்கும் 15 வயது. குளிர்காலத்தில் இங்கே குடிவந்தார்கள். சில மாதங்களில் இருவரும் நோயில் விழுந்தார்கள். 1502 ஏப்ரல் 2 அன்று ஆர்தர் இறந்தார், கேத்தரின் பிழைத்தார். ஆர்தரின் இதயம் புனித லாரன்ஸ் தேவாலயத்தில் புதைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். உடலை வூஸ்டருக்குக் கொண்டுபோனபோது காற்றும் மழையும் சேற்றுப் பாதையுமாக இருந்ததால், சில இடங்களில் வண்டியை இழுக்க மாடுகளைப் பூட்ட வேண்டியிருந்தது. கேத்தரினைப் பின்னர் மணந்தவர் ஆர்தரின் தம்பி எட்டாம் ஹென்றி. அந்த மணத்தை ரத்து செய்யப் போப் மறுத்தபோதுதான் இங்கிலாந்து ரோமிடமிருந்து பிரிந்தது. ஆர்தர் பிழைத்திருந்தால் அந்த நாட்டின் மதம், மடங்கள், அரச பரம்பரை எல்லாமே வேறு வழியில் போயிருக்கலாம். இப்போது அந்த அறைகளுக்குக் கூரை இல்லை. சுவரில் தொங்கும் அடுப்பங்கரைகளில் புறா கூடு கட்டுகிறது.

வேல்ஸையும் எல்லைப் பகுதியையும் ஆண்ட அரச மன்றம் இங்கிருந்துதான் இயங்கியது. 1634இல் மில்டன் எழுதிய நாடகம் ஒன்று முதன்முதலில் நடிக்கப்பட்டதும் இங்கேதான். 1689இல் மன்றத்தைக் கலைத்ததும் கோட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. கூரை ஈயத்தைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

ஆற்றைக் கடந்து விட்கிளிஃப் மேட்டுக்கு

கோட்டையிலிருந்து வெளியே வந்து டின்ஹாம் பக்கமாக இறங்குங்கள். வழியில் டின்ஹாம் ஹவுஸ் என்ற பெரிய செங்கல் வீடு வரும். பிரிட்டிஷாரிடம் பிடிபட்ட நெப்போலியனின் தம்பி லூசியன் 1811இல் அங்கே காவலில் தங்கியிருந்தார். டின்ஹாம் பாலத்தைக் கடந்து எதிர்க்கரை மேட்டில் கொஞ்சம் ஏறினால் விட்கிளிஃப் பொதுநிலம். கோட்டைக்கும் ஊருக்கும் கல் வெட்டி எடுத்த இடம் அது. திரும்பிப் பாருங்கள். கோட்டை, அதன் பின்னால் தேவாலயக் கோபுரம், கீழே ஆறு. இந்த ஊரின் மிக நல்ல படம் இங்கிருந்துதான் கிடைக்கும்.

இங்கே கொஞ்ச நேரம் உட்காரச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பாழடைந்த அந்தக் கோட்டையை 1811இல் அரசிடமிருந்து 1,500 பவுண்டுக்கு வாங்கியவர் எட்வர்ட் கிளைவ். ஆற்காட்டில் பெயரெடுத்த ராபர்ட் கிளைவின் மூத்த மகன். 1774 முதல் இருபது ஆண்டு லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினர். அதன் பிறகு, 1798 முதல் 1803 வரை, சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னர். அந்த ஐந்து வருடத்தில் நம் ஊரில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தார். அதே அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். 1801 ஜூலையில் கர்நாடக நவாபின் ஆட்சி கம்பெனி கைக்குப் போனது. அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அப்போது சென்னையில் கவர்னர் நாற்காலியில் இருந்தவர் ஊர் திரும்பி, போவிஸ் பிரபு என்ற பட்டம் பெற்று, தன் பழைய தொகுதியின் கோட்டையை வாங்கினார். கோட்டை இன்றும் போவிஸ் பிரபுக்களின் கையில்தான் இருக்கிறது. கோட்டையைச் சுற்றிப் பார்க்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இது ஒரு வரித் தகவல். கயத்தாறு நினைவிடத்தில் நின்றுவிட்டு வந்தவர்களுக்கு அப்படி இருக்காது. எனக்கு அந்தச் சுவர்களைப் பார்க்கும்போது அழகும் கனமும் சேர்ந்தே வருகின்றன. இரண்டையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இங்கே பள்ளியில் படிக்கும் நம் குழந்தைகளுக்கு இந்த இரண்டு வரலாறுகளும் சொந்தம்.

வந்த வழியே திரும்ப வேண்டாம்

விட்கிளிஃபிலிருந்து ஆற்றோரமாகவே பிரெட் வாக் என்ற பாதை லட்ஃபோர்ட் பாலம் வரை போகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வேலையில்லாதவர்களை வைத்துப் போட்ட பாதை, கூலியைச் சாராயத்தில் விட்டுவிடக் கூடாதென்று காசுக்குப் பதில் ரொட்டி கொடுத்தார்கள் என்கிறார்கள். மரநிழல், கீழே நீரின் சத்தம். வேர்களும் சேறும் இருக்கும், தள்ளுவண்டிக்கு ஏற்றதல்ல. நடக்க முடியாதவர்கள் டின்ஹாம் பாலத்தருகே ஆற்றங்கரைப் புல்வெளியில் தேநீர் குடித்துவிட்டு ஊருக்குள் திரும்பலாம்.

லட்ஃபோர்ட் பாலத்தின் தென்முனையில் சாலையோரப் பாறை ஒன்று இருக்கும். பார்க்க ஒன்றுமில்லாத பாறை. ஆனால் சுமார் 42 கோடி ஆண்டுக்கு முந்தைய மீன்களின் செதில்களும் எலும்புத் துணுக்குகளும் அடங்கிய அடுக்கு அதில்தான் இருக்கிறது. 1830களில் புவியியலாளர் மர்ச்சிசன் இந்தப் பகுதிப் பாறைகளை ஆராய்ந்தார். அதன் விளைவாகப் பூமியின் வரலாற்றில் ஒரு காலப்பிரிவுக்கே லட்லோ என்று பெயர். உலகத்தில் எங்கே அந்த வயதுப் பாறை கிடைத்தாலும் இந்தச் சின்ன ஊரின் பெயரைத்தான் சொல்வார்கள். பாதுகாக்கப்பட்ட இடம், சுத்தியலோ கத்தியோ வைக்கக் கூடாது.

பாலம் கடந்தால் லோயர் பிராட் தெரு. ஏற்றம் தொடங்கும் இடத்தில் பிராட் கேட். 13ஆம் நூற்றாண்டில் ஊரைச் சுற்றி மதில் கட்டியபோது வைத்த ஏழு வாசல்களில் மிஞ்சியது இது. மதில் வாசலின் தலையிலேயே பிற்காலத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள், கீழே கார்கள் ஒவ்வொன்றாக நுழைந்து வெளிவரும். வாசலுக்கு உள்ளே பிராட் தெரு. இருபுறமும் 18ஆம் நூற்றாண்டுச் செங்கல் முகப்புகள், உச்சியில் பட்டர்கிராஸ் மணிக்கூண்டு. அந்த ஒழுங்கான முகப்புகளில் பலவற்றுக்குப் பின்னால் பழைய மரவீடு அப்படியே இருக்கிறது. காலத்துக்கேற்ப முன்சுவரை மட்டும் மாற்றிக் கட்டினார்கள். பக்கவாட்டுச் சந்துகளில் எட்டிப் பார்த்தால் மரச்சட்டம் தெரியும். நல்ல ஏற்றம் என்பதால் நின்று நின்று ஏறுங்கள், அதுவே பார்க்கவும் வசதி.

தங்கி மறுநாளும் இருந்தால் வடக்கே ஒரு ஸ்டேஷன் தள்ளியிருக்கும் கிரேவன் ஆர்ம்ஸுக்குப் போய், அங்கிருந்து ஒரு மைல் நடந்து ஸ்டோக்ஸே கோட்டையைப் பாருங்கள். லட்லோவின் கம்பளி வணிகர் லாரன்ஸ் 1280களில் கட்டிய மாளிகை. 1291இல் அதற்குக் கோட்டைமதில் வைக்க அரச அனுமதி வாங்கினார், மூன்று வருடத்தில் கம்பளிக் கப்பலோடு கடலில் மூழ்கி இறந்தார். லட்லோ தேவாலயத்தைக் கட்டிய பணம் எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்பது அந்தக் கூடத்தில் நின்றால் தெரியும்.

ஒரே நாளில் திரும்புகிறவர்கள் பிராட் தெருவின் உச்சியிலிருந்து ஸ்டேஷனுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும், இனி எல்லாம் இறக்கம்தான். ரயில் ஏறும் முன் தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் வாங்கிய சீஸைப் பையின் அடியில் வைக்க வேண்டாம், ஷ்ரூஸ்பரி போவதற்குள் பெட்டி முழுக்க மணக்கும்.